பையன்கள் தப்பு செய்துவிட்டார்கள்: ஸ்டேஷனுக்கும் கட்டப்பஞ்சாயத்துக்கும் நடுவே ஒரு வழி

மேட்டூர் திறந்தாகிவிட்டது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும். அதுவரை குறுவை நாற்றங்கால் போர்செட்டை நம்பித்தான் நிற்கிறது. ஒருநாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால், மோட்டாருக்கு வருகிற கேபிளில் முப்பது அடியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். விசாரித்ததில் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர். ஒருவனுக்குப் பதினைந்து வயது, இன்னொருவனுக்குப் பதினாறு. ரப்பரை எரித்துவிட்டுச் செம்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கிறார்கள்.

இது நானே கட்டிய உதாரணம்தான். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த ஊரில் சொன்னாலும் "எங்க ஊர்லயும் நடந்துச்சு" என்று ஒருவராவது சொல்வார். இதற்கு அடுத்து வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று. ஒன்று, ஸ்டேஷன். மற்றது, கோயில் வாசலில் நாலு பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார, பையனின் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க, தண்டம் போட்டு, காலில் விழவைத்து முடித்துவிடுவது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர், தப்பு செய்த பையன், இரண்டு பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரே உயரத்தில் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது, யாருக்கு என்ன போனது, அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசி முடிவெடுப்பது. சீரமைப்பு நீதி என்று இதைச் சொல்கிறார்கள். இப்படி உட்காரும் கூட்டத்தைத்தான் இனி வட்டம் என்று எழுதுகிறேன். 1974ல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் போதையில் 22 பேருடைய சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். அவர்களை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசச் சொல்லலாமே என்று, குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு வெளியே கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் கேட்டார். இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் முறைக்கு அதுவே தொடக்கப்புள்ளி என்பார்கள். நியூசிலாந்தோ மாவோரி மக்களின் குடும்பக் கூடல் வழக்கத்தை எடுத்து 1989ல் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் சிறார்களைக் கையாளும் வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ள அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

ஆசிரியர், வார்டு உறுப்பினர், சுய உதவிக்குழுத் தலைவி, சட்டம் படிக்கிற பிள்ளை என்று இதில் புதிதாக இறங்க நினைக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் மறக்க வேண்டியது

டெல்டாவில் இந்த வேலையைத் தொடங்கினால் முதலில் கேட்கும் பதில், "இதைத்தானே நாங்க காலங்காலமா செய்யறோம்" என்பதாக இருக்கும். இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருக்கிறார். இங்கே தீர்ப்பே கிடையாது. அங்கே பையன் வாயைத் திறந்தால் "எதிர்த்துப் பேசறியா" என்பார்கள். இங்கே அவன் பேசாவிட்டால் கூட்டமே இல்லை. அங்கே தண்டப் பணம் ஊர்ப் பொதுவுக்குப் போகும், கேபிளை இழந்தவர் கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்குப் போவார். கடற்கரையோர ஊர்களில் ஊர்விலக்கம் வரைக்கும்கூடப் போவதுண்டு.

திருவாரூரில் கல்தேர் பார்த்திருப்பீர்கள். கன்றை இழந்த பசு மணியடித்தது, மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டான். அந்தக் கதையில் இளவரசனும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, பசுவுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதுமில்லை. நம் ஊர் நீதி உணர்ச்சி அந்தத் தேரிலேயே நின்றுவிட்டதோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

சட்டப்படியும் சொல்லிவிடுகிறேன். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது, நம் மாநிலத்திலிருந்து போன வழக்கு அது. குற்றத்தை விசாரித்துத் தண்டிக்கிற அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கும் கிடையாது, நாட்டாருக்கும் கிடையாது, உங்களுக்கும் எனக்கும் கிடையாது. இதை முதல் நாளே இரண்டு குடும்பத்திடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

எதில் இறங்கலாம், எதில் கூடவே கூடாது

முதலில் வயது. சம்பவம் நடந்த அன்று 18 நிரம்பாவிட்டால் இளைஞர் நீதிச் சட்டம். வயதுக்கு முதல் சான்று பள்ளிக்கூடச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. பையன் மீசை வளர்த்திருக்கிறான் என்று யாராவது வாதாடினால் காதில் வாங்க வேண்டாம்.

அடுத்து, குற்றம் எந்த வகை என்பது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவை கொடுங்குற்றங்கள். நடுவில் இருப்பவை கடுங்குற்றங்கள். புதிதாக வருகிறவர்கள் சிறு குற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் பெயரை வைத்து எடைபோடக் கூடாது. வெளியில் கிடந்த கேபிளை எடுத்தால் சாதாரணத் திருட்டு, பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மூன்று ஆண்டு வரை. அதே கேபிளைப் பூட்டியிருந்த மோட்டார் கொட்டகைக்குள் புகுந்து எடுத்தால் ஏழு ஆண்டு வரை போகிற வேறு பிரிவு வந்துவிடும். விளையாட்டுக்கு வைக்கோல் போரில் தீ வைத்தாலும் ஏழு ஆண்டு வரை போகும். அதனால் எந்தப் பிரிவு என்று ஒரு வக்கீலிடம் கேட்காமல் "சின்ன விஷயந்தானே" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள்.

பாலியல் குற்றம் என்றால் கூட்டமும் கிடையாது, சமரசமும் கிடையாது. போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ ஸ்டேஷனுக்கோ சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரக்கூடிய விஷயமும் அப்படித்தான். தெருப் பையன்கள் காலனிப் பையனை அடித்துவிட்டு "பேசி முடிச்சிக்கலாம்" என்று ஆள் அனுப்பினால், அது சீரமைப்பும் இல்லை, நீதியும் இல்லை. சமரசத்துக்குச் சட்டம் இடம்தராத குற்றத்தைக் காசு வாங்கிக்கொண்டு மறைத்தால் அது தனியாக ஒரு குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பையன் "நான் செய்யவில்லை" என்றாலும் நிறுத்திவிட வேண்டும். உண்மையைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. அது, சிறார் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தின் வேலை.

18 தாண்டி 21க்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு வழக்கமான நீதிமன்றம்தான். அங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றத்தை யோசிக்கச் சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. சொத்துக்காரர் சம்மதித்தால் சாதாரணத் திருட்டு வழக்கைச் சமாதானமாகவே முடிக்கலாம். இதற்கு மேல் அந்த வயதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

போலீஸ் ஏற்கெனவே வந்துவிட்டால்

பதற வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், உதவி சார் ஆய்வாளர் பதவிக்குக் குறையாமல். "இந்த ஸ்டேஷன்ல அந்தப் பொறுப்புல யாருங்கய்யா?" என்று மரியாதையாகக் கேட்டாலே பேச்சின் தொனி மாறும். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது. பிடித்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ ஒழிய எஃப்ஐஆர் போடத் தேவையில்லை, பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பலருக்கு இது தெரியாது. அப்பாக்கள் "எஃப்ஐஆர் போட்டுட்டா வாழ்க்கை போச்சு" என்று நகையை அடகு வைத்து யாரிடமோ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்ட்ரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் என மூன்று பேர். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண். கோர்ட் போல மேடை கட்டி உட்கார மாட்டார்கள். சிறு குற்றமாக இருந்து, நான்கு மாதமும் அதற்கு மேல் நீட்டித்த இரண்டு மாதமும் முடிந்த பிறகும் விசாரணை முடியாவிட்டால் வழக்கு தானாகவே முடிந்துபோகும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டிய முதல் ஆள் இவர்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். "இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச விரும்புகிறார்கள், குழுமம் அனுமதித்தால் நாங்கள் உதவுகிறோம்" என்று எழுத்தில் கொடுங்கள். குழுமம் 18ஆம் பிரிவின்படி அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். உங்கள் வட்டத்தில் எடுக்கும் முடிவு இந்த உத்தரவுகளில் ஒன்றுக்குள் போய் உட்காரும். அதைத் தாண்டி அதற்குச் சட்ட பலம் கிடையாது.

பையனுக்கு இலவச வக்கீல் கட்டாயம் வையுங்கள். குழந்தைகளுக்கு வருமான வரம்பே இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்குப் போன் போட்டாலும் போதும். வட்டத்தில் பையன் சொல்வது நாளைக்கு அவனுக்கு எதிராகத் திரும்பாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்த வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸுக்கே போகாத விஷயமாக இருந்தால், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். தனியாகச் செய்தால் நாளைக்கே "இவங்க யாரு பஞ்சாயத்து பண்ண" என்று கேள்வி வரும், அந்தக் கேள்வி நியாயமானதும்கூட.

நடையாய் நடப்பது

வட்டம் ஒரு மணி நேரம். அதற்கு முன் நடக்கிற நடைதான் வேலை. இரண்டு பக்கமும் தனித்தனியாக, குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். அவசரப்பட்டால் கெட்டது. நான் நடத்திய முதல் கூட்டத்தில் ஒரே ஒரு முறை போய்ப் பேசிவிட்டு எல்லாரையும் உட்காரவைத்துவிட்டேன். பேச்சு ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம் பையனின் அம்மா ஓடிப்போய் எதிரே இருந்தவர் காலில் விழுந்தார். அவ்வளவுதான், வட்டம் பஞ்சாயத்தாகிவிட்டது. "யாரும் யார் காலிலும் விழப்போவதில்லை" என்று முன்கூட்டியே அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

பையனிடம் போகும்போது "ஏன்டா செஞ்சே" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்வியை அவன் அன்றைக்குள் இருபது பேர் வாயால் கேட்டிருப்பான், ஒவ்வொரு தடவையும் அடியோடு சேர்த்து. "என்ன நடந்துச்சு தம்பி?" "அப்ப மனசுல என்ன ஓடிச்சு?" "இதனால யார் யாருக்குச் சிரமம்னு நினைக்கிற?" இந்த மூன்றும் போதும். மௌனமாக இருந்தால் இருக்கட்டும். கூடவே, செம்பை வாங்கியது யார், "எடுத்துட்டு வா, காசு தரேன்" என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தார்களா என்றும் மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர்களைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அப்படியொரு ஆள் பின்னால் இருந்தால் அது வட்டத்தில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. வக்கீலிடம் சொல்ல வேண்டியது.

விவசாயியிடம் போகும்போது நோட்டை எடுத்துக் கணக்கெழுத ஆரம்பிக்காதீர்கள். கேபிள் விலையை அவரே முதல் நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதற்குக் கீழே இருப்பது மெல்லத்தான் வரும். டீசல் இன்ஜினுக்கு வாடகை கொடுத்தது, அது வருவதற்குள் நாற்று சுருண்டது, அன்றிலிருந்து ராத்திரியில் டார்ச்சோடு போர்செட்டில் போய்ப் படுப்பது, வீட்டில் அதற்குச் சண்டை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கும்: "ஏன் என் வயல்?" வரப்புத் தகராறில் பங்காளி தூண்டிவிட்டிருப்பானோ என்று அவர் ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டார். "உங்க வயல் ரோட்டோரம் இருந்துச்சுங்கய்யா, அதான்" என்று பையன் வாயால் கேட்கும்போது சிலர் சிரித்தேவிடுவார்கள். எந்தக் கோர்ட்டாலும் தர முடியாத பதில் அது. நான் இந்த வேலையில் நீடிப்பதே அந்த ஒரு வரிக்காகத்தான் என்று சொல்லலாம்.

அவர் வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. "ஊருக்காக விட்டுக்கொடுங்க" என்ற பேச்சே வாயில் வரக்கூடாது. அவர் மறுத்துவிட்டால் கடிதம் மூலமாகவோ, அவருக்குப் பதில் வேறொருவர் உட்கார்ந்தோ நடத்த முடியும். அதுவும் வேண்டாமென்றால் வழக்கு அதன் போக்கில் போகட்டும்.

இடம், நேரம், நாற்காலி

கோயில் வாசல் வேண்டாம். எல்லாரும் உள்ளே வர முடியாத கோயில்கள் இன்னமும் இருக்கின்றன. மிராசுதார் வீட்டுத் திண்ணை வேண்டாம், டீக்கடை வேண்டாம், களம் வேண்டாம். நூலகம், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், பிள்ளைகள் போன பிறகு அங்கன்வாடி, இவை சரிப்படும். இரண்டு தெருவுக்கும் பொதுவான இடமா என்று நீங்களே நடந்து பாருங்கள். பையனின் வீட்டார் அங்கே போக எந்தத் தெரு வழியாக வரவேண்டியிருக்கிறது என்பதுகூட முக்கியம்.

காலை பத்து மணி நல்ல நேரம். மதியத்துக்கு மேல் வைத்தால் யாராவது ஒருவர் டாஸ்மாக்கைத் தொட்டுவிட்டுத்தான் வருவார். நடவு, அறுவடை நாட்களைத் தவிருங்கள், கூலி போகும்.

நாற்காலிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு மரநாற்காலி, மீதி பிளாஸ்டிக் என்றால் மரநாற்காலியில் யார் உட்காருவார் என்று சொல்லவே வேண்டாம். இல்லாவிட்டால் எல்லாரும் பாயில் உட்காரலாம். ஒரே மாதிரித் தம்ளரில்தான் எல்லாருக்கும் டீ. கூப்பிடும் முறையையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பையன் "ஐயா" என்று கூப்பிட, அவர் "டேய்" என்று கூப்பிட்டால் வட்டம் அந்த இடத்திலேயே கோணலாகிவிடும். தம்பி, அம்மா, ஐயா, அண்ணே, இவற்றுக்குள் நிறுத்துங்கள். "வா, போ" வேண்டாம், "வாங்க, போங்க" என்று முதலில் நீங்கள் பையனிடம் பேசிக்காட்டுங்கள். பெரியவர்கள் கொஞ்சம் நெளிவார்கள். பரவாயில்லை.

ஆட்கள் பத்துக்கு மேல் வேண்டாம். பையன் பக்கம் அம்மா அப்பாவோடு, அவனுக்குப் பிடித்த ஒருவர் அவசியம்: மாமா, கபடி சொல்லித்தருகிற அண்ணன், டியூஷன் அக்கா, யாரோ. கட்சிக்காரர், சாதிச் சங்கத்துக்காரர், "சும்மா பார்க்க" வருகிறவர்கள் வாசலோடு சரி. போன்களை ஒரு பையில் போட்டு மூடுங்கள். பையனின் பெயர், முகம், ஊர், பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். பத்திரிகை, டிவி மட்டுமல்ல, வேறெந்த வகைத் தகவல்தொடர்பும் அதில் அடங்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதில் சேர்த்திதான்.

வட்டத்துக்குள்

நடத்துகிறவரை என்னவென்று அழைப்பது? "நடத்துநர்" என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் ஞாபகம்தான் வருகிறது. நான் "ஒருங்கிணைப்பாளர்" என்று சொல்லிக்கொள்கிறேன், ஊரில் "கூட்டம் வைக்கிற சார்" என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பேசுகிறவரைப் பேசவிடுவது. கையில் ஒரு பொருளை, ஒரு சின்னத் தண்ணீர்ச் செம்பையோ புத்தகத்தையோ, சுற்றவிடலாம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் குறுக்கே பேசியே பழகிய பெரியவர்களை அடக்க இதைவிட நல்ல உபாயத்தை நான் பார்க்கவில்லை.

பையன் முதலில் என்ன நடந்தது என்று சொல்வான். அப்புறம் விவசாயி. அப்புறம் அவர் வீட்டார். அதற்குப் பிறகு பையனின் அம்மா. இந்த இடத்தில் கூட்டம் பெரும்பாலும் திரும்பும். மகன் திருடியதைவிட, அன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் தன்னைப் பார்த்து எல்லாரும் பேச்சை நிறுத்தியதைத்தான் அந்த அம்மா சொல்வார். அதைக் கேட்கும்போது பையன் தரையைப் பார்ப்பான். அந்த நிமிடத்தில் நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்ளுங்கள்.

மன்னிப்பைக் கேட்கச் சொல்லக் கூடாது. வந்தால் வரட்டும். அவர் மன்னிக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை.

சரிசெய்வது எப்படி

இங்கேதான் டெல்டாக்காரர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "காசு இல்லைன்னா ஆறு மாசம் என் வயல்ல வேலை செய்யட்டும்" என்று யாராவது சொல்வார்கள், சொல்கிறவருக்கு அதில் தப்பாக எதுவும் தெரியாது. கடனுக்கு உழைப்பைக் கட்டிப்போடுவது என்ன என்று இந்த மண்ணுக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1976ல் கொத்தடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தார்கள். அப்படிப் பண்ணையாளாக இருந்த ஒரு தாத்தாவின் பேரன் இன்று வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். கூலியில்லா வயல்வேலை என்ற பேச்சு வந்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும், "அது முடியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

என்ன செய்யலாம்? செம்பு விற்ற காசு முதலில் திரும்பி வரவேண்டும். மீதித் தொகையைக் குடும்பத்தால் தாங்க முடிந்த அளவுக்குச் சிறு தவணைகளாகப் பிரியுங்கள். அப்பா குழுக்கடன் எடுத்து ஒரே நாளில் கட்டிவிட்டால், விவசாயிக்குத் தீர்ந்தது, பையனுக்கு ஒன்றும் ஒட்டவில்லை, குடும்பத்துக்கு வாரத் தவணை மிச்சம். புதுக் கேபிளைக் குழாய்க்குள் போட்டு மண்ணில் புதைக்கப் பள்ளம் வெட்டும் வேலைக்கு ஒரு ஞாயிறு காலை, மூன்று மணி நேரம், அப்பாவும் கூட நிற்க, மின்சார வேலை எதையும் தொடாமல். இப்படி எல்லை போட்ட ஒரு வேலை நல்லது, கெடுத்ததைக் கையால் சரிசெய்தது போல இருக்கும். அதற்குமேல் சமூக சேவை என்றால் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான். விதிகளிலேயே உதாரணம் இருக்கிறது: பூங்கா பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது, மருத்துவமனையில் ஒத்தாசை. கழிவறை கழுவச் சொல்வது, கழுத்தில் அட்டை மாட்டுவது போன்றவை அவமானப்படுத்தும் வேலை, சேவை அல்ல. பள்ளிக்கூட நேரத்தில் எதுவும் வேண்டாம். தலைமை ஆசிரியர் டிசி கொடுக்கப் பார்த்தால் நீங்களும் நன்னடத்தை அலுவலரும் நேரில் போய்ப் பேசுங்கள். படிப்பு நின்றால் எல்லாம் நின்ற மாதிரி.

ஒப்பந்தத்தை ஒரே தாளில், பையனுக்குப் புரிகிற வார்த்தையில் எழுதுங்கள். "நான் திருடினேன்" என்று எழுத வேண்டாம். "நான் இன்ன தேதிக்குள் இன்னது செய்வேன்" என்று மட்டும் போதும். வக்கீல் ஒருமுறை பார்த்த பிறகு கையெழுத்து. ஒரு பிரதி குழுமத்துக்கு, நன்னடத்தை அலுவலர் வழியாக. வெற்றுப் பத்திரத்திலோ முத்திரைத்தாளிலோ யார் கையெழுத்துக் கேட்டாலும் கொடுக்க விடாதீர்கள்.

தவணை நிற்கும். ஒருமுறையாவது நிற்கும். உடனே "பார்த்தீங்களா" என்று கிளம்பாமல், அவன் வீட்டுக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கும், அல்லது வெள்ளத்தில் சம்பா முழுகிக் கூலி வேலை இல்லாமல் போயிருக்கும். தேதியைத் தள்ளி எழுதிக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்.

பாஸ்போர்ட் கேள்வி

கடைசியில், எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது, அப்பா மெல்லப் பக்கத்தில் வந்து கேட்பார். "சார், பாஸ்போர்ட் கிடைக்குமா?" கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் மட்டுமல்ல, இப்போது எந்தத் தெருவிலும் சிங்கப்பூரோ துபாயோ போன ஒருவர் இருக்கிறார். குற்றத்தைப் பற்றிய எல்லாப் பயமும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

கிடைக்கும் என்று சொல்லலாம், காரணத்தோடு. சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்த வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலமோ விதிகளில் சொன்ன காலமோ கழிந்தபின் பதிவுகளையே அழிக்க வேண்டும். 16 வயது நிரம்பியபின் கொடுங்குற்றம் செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது மாறும். வழக்கு முடிந்துவிட்டால் நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் அந்தப் பழைய பதிவைச் சொல்லக் கூடாது என்று 74ஆம் பிரிவிலும் இருக்கிறது. குழுமம் தந்த உத்தரவின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது கிளறினால் வக்கீலிடம் காட்ட அது ஒன்று போதும்.

உங்கள் நோட்டில் அந்தப் பையன்களின் பெயர் இருக்குமே, கடைசித் தவணை வந்த அன்று அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.